"அண்ணே, ஒரு சி.எஸ்.வி. போட்டு விடுங்களேன்": டெவலப்பர்கள் தேடி வரும் சுயசேவை டேட்டா தளத்தைக் கட்டுவது எப்படி

"அண்ணே, நேத்து வரைக்கும் உள்ள இன்வாய்ஸ் டேட்டாவை ஒரு சி.எஸ்.வி.யா போட்டு விடுங்களேன், அவசரம்."

காலையில் கடலூரில் பஸ் ஏறி, முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைவதற்குள் இந்த மாதிரி மூன்று செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிடும். (சி.எஸ்.வி. என்பது எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணை ஃபைல்.) நாங்கள் செய்வது மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள். டெவலப்பர்கள் இருபது பேர் சொச்சம். டேட்டா பக்கம் நானும் இன்னொருவரும். அவர் லீவு எடுத்தால் நான் மட்டும்.

இதற்கு மருந்தாக முதலில் ஒரு போர்ட்டல் கட்டினோம். ஏழு மாத வேலை. தனி லாகின், பதினான்கு கட்டம் நிரப்ப வேண்டிய படிவம், டீம் லீடின் ஒப்புதல், அதன் பிறகு எங்கள் ஒப்புதல். திறந்த அன்று கேக் கூட வெட்டினோம். மறுநாள் காலை அதே பஸ், அதே "அண்ணே". அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. என்னிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் கிடைப்பது, போர்ட்டலில் கேட்டால் மூன்று நாள். எவன் அங்கே போவான்?

கீழே இருப்பது, டெவலப்பர்கள் எங்களைக் கேட்காமல் தாங்களே டேட்டா எடுத்துக்கொள்ளும் தளத்தை இரண்டாவது முறை கட்டும்போது செய்தவை, செய்த வரிசையில். அந்த முறை நாங்கள் வைத்துக்கொண்ட போட்டியாளர் ஒரே ஒருவர்தான்: வாட்ஸ்அப். அதைவிடச் சுலபமாக இல்லாத எதையும் தளத்தில் சேர்க்கவில்லை.

முதல் படி: இரண்டு வாரம் எதுவும் கட்டாதீர்கள்

ஒரு நோட்டு போதும். வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: யார் கேட்டார், என்ன கேட்டார், எதற்காக, நீங்கள் கடைசியில் என்ன செய்து கொடுத்தீர்கள்.

இதில் மூன்றாவதுதான் தங்கம். கேட்பது சி.எஸ்.வி.யாக இருக்கும். "எதுக்குப்பா?" என்று கேட்டால், தன் லேப்டாப்பில் ஒரு பக்கை (மென்பொருள் பிழையை) மறுபடி வரவைத்துப் பார்க்க நிஜம் போன்ற டேட்டா வேண்டும் என்பார். இன்னொருவரும் அதே சி.எஸ்.வி.யைத்தான் கேட்பார், ஆனால் வாடிக்கையாளரின் மாத ரிப்போர்ட்டில் தொகை இடிக்கிறது, அதைச் சரிபார்க்க. ஒரே ஃபைல், இரண்டு வேறு நோய். சி.எஸ்.வி. பதிவிறக்கப் பொத்தான் ஒன்றை வைத்துவிட்டால் இரண்டுமே தீராது.

எங்கள் நோட்டில் நான்கு வகை தெரிந்தது. இருக்கிற டேட்டாவின் நகல், ஆக்சஸ் (பார்க்கும் அனுமதி), புதிதாக ஒரு டேபிளைத் தினமும் ஓடவைப்பது, "இந்த எண் ஏன் அந்த எண்ணோடு பொருந்தவில்லை" என்ற விசாரணை. முதல் போர்ட்டலை மூன்றாவது வகைக்காகத்தான் கட்டியிருந்தோம். நோட்டைப் பார்த்தால் நேரத்தைத் தின்றது நான்காவது.

இரண்டாம் படி: ஒரு டேட்டா, ஒரு டீம், ஒரு பாதை

2019-இல் ஜமாக் தெகானி என்ற மென்பொருள் வல்லுநர் டேட்டா மெஷ் என்ற யோசனையை முன்வைத்தார், 2020-இல் அதற்கு நான்கு தூண்களைச் சொன்னார். டேட்டா எங்கே பிறக்கிறதோ அந்த டீமே அதற்குப் பொறுப்பு. டேட்டாவை, வாங்குபவரை மனதில் வைத்துச் செய்யும் பொருளாக நடத்த வேண்டும். எல்லா டீமும் தாங்களே கையாளக்கூடிய சுயசேவைத் தளம் வேண்டும். விதிகளை எல்லோரும் சேர்ந்து வகுத்து, அமல்படுத்துவதைக் கணினியிடம் விட வேண்டும். நான்கும் நல்லவை. ஆனால் இருபது பேர் உள்ள அலுவலகத்தில் நான்கையும் முழுதாக இறக்கினால் கல்யாண அண்டாவில் இரண்டு பேருக்கு ரசம் வைத்த கதையாகிவிடும். முதல் இரண்டு தூண்களின் மனப்பான்மையை எடுத்துக்கொண்டு, மூன்றாவதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் கட்டுங்கள்.

ஸ்பாட்டிஃபை இதை 'கோல்டன் பாத்' என்று சொல்லும். நெட்ஃப்ளிக்ஸில் 'பேவ்டு ரோடு'. இரண்டும் ஒரே கருத்துதான். எல்லா வழியும் திறந்திருக்கும், ஒரு வழியை மட்டும் தார் போட்டு, விளக்கு போட்டு, பள்ளம் இல்லாமல் வைத்திருப்பார்கள். மற்ற வழியில் போகிறவரை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் டயர் பஞ்சரானால் அவர் பாடு.

நாங்கள் எடுத்த டேட்டா இன்வாய்ஸ். எடுத்த டீம் ரிப்போர்ட் டீம், ஏனென்றால் அதிகம் புலம்பியவர்கள் அவர்கள்தான். புலம்புகிறவர்களை முதலில் பிடியுங்கள். அமைதியாக இருப்பவர்கள் தங்களுக்கென்று ஒரு குறுக்குவழியை ஏற்கெனவே வைத்திருப்பார்கள்.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. எங்களுடையது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். அதற்கு ஒரு ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான நகல்), தினம் ஒரு முறை பார்க்கே ஃபைல்களாக (சுருக்கிச் சேமிக்கும் அட்டவணை வடிவம்) ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற ஃபைல் கிடங்கில் எடுத்துவைப்பது, டேட்டாவை எஸ்க்யூஎல் கொண்டு மாற்றியமைக்க டி.பி.டி. என்ற கருவி, நேரத்துக்கு ஓடவைக்க ஏர்ஃப்ளோ என்ற கருவி. பார்க்கே ஃபைலை டக்டிபி என்ற சின்ன டேட்டாபேஸ் வைத்து அவரவர் லேப்டாப்பிலேயே குவெரி (டேட்டாவைக் கேட்டெடுக்கும் கேள்வி) போடலாம், சர்வர் கூட வேண்டாம். ஓடிக்கொண்டே இருக்கும் டேட்டாவைக் கடத்தும் காஃப்கா வேண்டுமா என்று இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். லிங்க்ட்இன் தன் தேவைக்காகக் கட்டி 2011-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது அது. நம்மிடம் அந்த அளவுக்கு ஓடும் டேட்டா வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ரெப்ளிகாவில் ஒரு பொறி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீளமான குவெரியை அதில் ஓட்டும்போது, மெயின் டேட்டாபேஸில் வேக்யூம் என்ற துப்புரவு வேலை பழைய வரிகளைத் துடைத்துவிட்டால், ரெப்ளிகாவும் அதையே செய்தாக வேண்டும். அதற்காக உங்கள் குவெரியைப் பாதியில் வெட்டிவிடும். இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். அந்தக் காத்திருப்பு நேரத்தை நீட்டலாம், அப்போது ரெப்ளிகா பின்தங்கும். ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை (ரெப்ளிகாவில் ஓடும் குவெரியை மெயினுக்குத் தெரிவிக்கும் அமைப்பை) இயக்கலாம், அப்போது மெயினில் குப்பை சேரும். எதைத் தேர்ந்தாலும், முதல் நாளே பயனருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "உங்க தளம் அடிக்கடி விழுது" என்ற பெயர் வந்துவிடும், அப்புறம் அதை மாற்ற ஒரு வருடம் ஆகும்.

மூன்றாம் படி: அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போங்கள்

டெவலப்பர் நாள் முழுக்க இருப்பது எடிட்டரிலும், டெர்மினலிலும், 'கிட்' என்ற கோடு சேமிக்கும் கருவியிலும். தனி வெப்சைட் திறந்து லாகின் செய்யச் சொன்னால் அங்கேயே பாதிப் பேரை இழந்துவிடுவோம். அதனால் இரண்டாம் முறை போர்ட்டலே கட்டவில்லை. ஒரு ரிப்போ (கிட்டில் கோடு இருக்கும் இடம்), ஒரு டெம்ப்ளேட், ஒரு கட்டளை.

புதிய டேபிள் வேண்டுமா? கட்டளையை அடித்தால் ஒரு ஃபோல்டர் உருவாகும். அதில் குவெரிக்கு ஒரு எஸ்க்யூஎல் ஃபைல், விவரங்களுக்கு ஒரு யாமல் ஃபைல். யாமலில் நிரப்ப வேண்டியது ஐந்தே வரி: பெயர், பொறுப்பான டீம், எத்தனை மணிக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும், டேபிளின் எந்த நெடுவரிசைகளில் தனிநபர் விவரம் இருக்கிறது, ஒரு வரியைத் தனித்துக் காட்டும் கீ எது. எழுதிவிட்டு புல் ரெக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்டால், சோதனைக்கென்று ஒதுக்கிய ஸ்கீமாவில் அந்த டேபிள் தானாகவே உருவாகி, முதல் பத்து வரிகள் புல் ரெக்வெஸ்டிலேயே கமென்ட்டாக வந்து நிற்கும். தனிநபர் விவரம் என்று குறித்த நெடுவரிசைகள் மறைக்கப்பட்டுத்தான் அங்கே வரும்.

அந்தப் பத்து வரிதான் எல்லாரையும் மயக்கியது என்று நினைக்கிறேன். எழுதிய குவெரியின் விளைவு, யாரையும் கேட்காமல், டீ குடித்துவிட்டு வருவதற்குள் கண்முன்னே நிற்கிறது. கோரிக்கை ஏற்கப்பட்டு மெர்ஜ் ஆனதும் நேர அட்டவணை, டெஸ்ட், ஆக்சஸ், டாக்குமென்டேஷன் பக்கம் எல்லாம் அந்த யாமலிலிருந்தே பிறக்கும். டெவலப்பர் ஏர்ஃப்ளோ என்ற பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஐந்து வரி என்பதில் பிடிவாதமாக இருங்கள். ஆறாவது வரி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்களாகவே இருப்பார்கள். 'காஸ்ட் சென்டர் ஒண்ணு சேர்த்துடலாமே' என்பார் ஒருவர். டீம் பெயரிலிருந்து நாமே கண்டுபிடிக்க முடிந்தால் கேட்காதீர்கள். பழைய படிவம் பதினான்கு கட்டமானது இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான்.

நான்காம் படி: எண் ஏன் இடிக்கிறது என்பதைத் தளமே சொல்லட்டும்

நேரத்தைத் தின்ற நான்காவது வகைக்கு வருகிறேன். இந்த ஊரில் பில்லிங் டேட்டாவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புரியும்.

புதுச்சேரி குடோனிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடலூர் கடைக்குச் சரக்கு போனால் அது வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. என்ற வரி. அதே குடோனிலிருந்து தமிழ்நாட்டுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி காரைக்காலுக்குப் போனால் அது உள்ளூர் விற்பனை, சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும். ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமும், கேரளாவுக்குள் இருக்கும் மாஹேவும் கூட அதே கணக்குதான்.

எங்கள் டீமில் ஒருவர் பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதியிருந்தார். 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு. பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் விழுப்புரம் நகரமும் 605-தான். பாகூர் புதுச்சேரிக்குள் இருக்கிறது, அதன் பின்கோடு தொடங்குவது 607-இல். அது போக காரைக்கால் 609, மாஹே 673, ஏனாம் 533. தபால்துறை பாதை பார்த்துப் பிரித்தது, மாநில எல்லை பார்த்து அல்ல. இரண்டு ரிப்போர்ட்டில் ஒன்று ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை எடுத்தது (தமிழ்நாடு 33, புதுச்சேரி 34), இன்னொன்று பின்கோடை. அப்புறம் எப்படிப் பொருந்தும்? கணக்குப் பிரிவு அக்கா மூன்று மாதம் இதைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார், நாங்கள் 'டைமிங் இஷ்யூ' என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

இதைத் தளத்தில் இப்படிக் கட்டினோம். 'சப்ளை மாநிலம்' என்பது ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு மாடலில் (டி.பி.டி.யின் எஸ்க்யூஎல் ஃபைல்) கணக்கிடப்படும். எந்தப் புது டேபிளும் அதைத்தான் எடுக்க வேண்டும். பின்கோடிலிருந்து மாநிலம் பிரிக்கும் குவெரி புல் ரெக்வெஸ்டில் வந்தால், டெஸ்ட் சிவப்பாகி, பாகூர் உதாரணத்தோடு காரணத்தைச் சொல்லும்.

நேரக் குழப்பமும் அப்படித்தான். சர்வர் யு.டி.சி.யில் எழுதுகிறது, நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில், யு.டி.சி.யில் மார்ச் 31 இரவு 8.30. தேதியை அப்படியே வெட்டி எடுத்தால் அந்த பில் போன நிதியாண்டுக்குப் போய்விடும். அதனால் எல்லா டேபிளிலும் 'வணிகத் தேதி' என்ற நெடுவரிசையைத் தளமே இந்திய நேரத்தில் கணக்கிட்டு வைக்கிறது. அது போக, தொகை எல்லாம் பைசாவில் முழு எண்ணாக. ஃப்ளோட் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) எங்கேயும் கிடையாது.

ஐந்தாம் படி: ஆக்சஸ் கேட்டால் மனிதர் வேண்டாம், விதி போதும்

முதல் போர்ட்டலைக் கொன்றது ஒப்புதல். இப்போது இரண்டே வகை. தனிநபர் விவரம் இல்லாத டேபிள்கள் எல்லா டெவலப்பருக்கும் திறந்தே இருக்கும், கேட்கவே வேண்டாம். விவரம் உள்ளவை மறைக்கப்பட்ட நிலையில் திறந்திருக்கும். மறைக்காமல் பார்க்க வேண்டுமென்றால், அந்த டேட்டாவின் டீம் ஒப்புதல் தர வேண்டும், ஏழு நாளில் அது தானாகக் காலாவதியாகும். யார் எப்போது பார்த்தார்கள் என்பது பதிவாகும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதைச் சொன்னால் மேலிடத்தில் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குவார்கள், சொல்லிப் பாருங்கள்.

மறைப்பதில் நாங்கள் செய்த தப்பு ஒன்று. மொபைல் எண்ணை வெறும் ஹேஷ் ஆக்கி, அதாவது ஒரு சூத்திரத்தால் வேறு எழுத்துகளாக மாற்றி, வைத்தோம். பார்க்கப் பெரிய எழுத்துக்குவியல், பாதுகாப்பாகத் தோன்றியது. ஆனால் இந்திய மொபைல் எண் 6, 7, 8, 9-இல் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். சாதாரண லேப்டாப் அத்தனையையும் ஹேஷ் போட்டு ஒப்பிட்டு, எண்ணைத் திரும்ப எடுத்துவிடும். ரகசியக் கீ சேர்த்த ஹெச்மேக் போடுங்கள், கீயை டேட்டா இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரே எண்ணுக்கு ஒரே மறைபெயர் வருவதால் டேபிள்களை இணைப்பதும் கெடாது.

ஆறாம் படி: பில் வந்தபின் திட்டாதீர்கள்

கிளவுடில் பிக்குவெரி (கூகுளின் டேட்டா கிடங்கு) போன்றவற்றைப் பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். படித்த பைட்டுக்குத்தான் காசு. கடைசியில் 'லிமிட் 10' போட்டதால் செலவு குறையும் என்று நினைத்து முழு டேபிளையும் வழித்தெடுக்கிறவர்கள் உண்டு. பார்ட்டிஷன் தேதி (டேபிளை நாள்வாரியாகப் பிரிக்கும் தேதி) இல்லாமல் குவெரி ஓடாது என்று டேபிளிலேயே நிபந்தனை வைக்கலாம், ஒரு குவெரிக்கு உச்சவரம்பும் வைக்கலாம். போஸ்ட்கிரெஸில், நீண்ட நேரம் ஓடும் குவெரியை நிறுத்தும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட். அவ்வளவுதான். இதற்கு மேல் இப்போது வேண்டாம்.

ஏழாம் படி: புயலுக்குப் பிறகும் ஓட வேண்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது ஓய்வதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரால் தென்பெண்ணை பெருகி, கடலூர், பாகூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. கரன்ட் இல்லை, நெட் இல்லை. ஆனால் கடைக்காரர் சும்மா இருக்க முடியுமா? இன்வர்ட்டரில் ஆஃப்லைனாக பில் போட்டார்கள். நெட் வந்ததும், பல நாள் பில்கள் ஒரே மூச்சில் எங்கள் சர்வரில் வந்து விழுந்தன.

எங்கள் பைப்லைன் (டேட்டாவை எடுத்துச் சேர்க்கும் தானியங்கி வேலை) தினமும் 'நேற்று' தேதியிட்ட பில்லை மட்டும் எடுக்கும். முந்தாநாள் பில் இன்று வந்தால் அதன் கண்ணில் படவே படாது. நவம்பர், டிசம்பர் ரிப்போர்ட்டில் ஓட்டை. கைமுறையாக மறுபடி ஓட்டியபோது சில நாட்கள் இரண்டு முறை சேர்ந்து, ஓட்டை இருந்த இடத்தில் இப்போது மேடு.

அதிலிருந்து டெம்ப்ளேட்டில் மூன்று விஷயம் கட்டாயமாகிவிட்டது. பில்லின் வணிகத் தேதி வேறு, அது நம்மிடம் வந்து சேர்ந்த நேரம் வேறு, இரண்டும் தனித்தனி நெடுவரிசை. எதை எடுப்பது என்பதை வந்து சேர்ந்த நேரம் முடிவு செய்யும், எந்த நாளில் சேர்ப்பது என்பதை வணிகத் தேதி. அடுத்து, ஒரு நாளை எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும்: அந்த நாளின் பார்ட்டிஷனை முழுவதும் மாற்றி எழுது, இருப்பதன்மேல் சேர்க்காதே. மூன்றாவதாக, 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை மறுபடி ஓட்டு' என்பது டெவலப்பர் தானே அடிக்கும் ஒரு வரிக் கட்டளை. அடுத்த மழையில் என்னை எழுப்ப வேண்டியதில்லை. புதுச்சேரி, கடலூர் கடற்கரையில் தளம் கட்டுகிறவர்கள் இதை 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் போடாதீர்கள். 2011-இல் 'தானே' புயல், 2024-இல் ஃபெங்கல்.

எட்டாம் படி: புதிதாகச் சேர்ந்தவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்

கல்லூரி முடித்து முதல் வாரம் வந்த பெண்ணிடம், 'நேற்றைய விற்பனையை ஊர்வாரியாக எடு' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உதவக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. நாற்பது நிமிடம். எனக்குக் கை துடித்தது.

முதல் இருபது நிமிடம் ஒரே எர்ரரில் போனது. அதில் இருந்தது 'பெர்மிஷன் டினைடு', அதன் கீழே முப்பது வரி லாக். நிஜக் காரணம், கட்டளையை இயக்கும் முன் வி.பி.என். (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) போடவில்லை. அந்தப் பெண் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு, "சாரி சார், நான் ஏதோ மாத்திட்டேன் போல" என்றார். அன்று மாலை அந்த எர்ரரை மாற்றினோம்: 'வி.பி.என். இணைப்பு இல்லை. இணைத்துவிட்டு இதே கட்டளையை மறுபடி அடிக்கவும்.' அந்த ஒரு வரிக்கு ஆன வேலை இருபது நிமிடம். அந்த மாதம் அதைவிடப் பயனுள்ள எதையும் நான் எழுதவில்லை.

எர்ரருக்கு மூன்று பகுதி இருக்கட்டும்: என்ன நடந்தது, பெரும்பாலும் ஏன், அடுத்து என்ன அடிக்க வேண்டும். மூத்தவர்களிடம் கருத்துக் கேட்டு ஃபார்ம் அனுப்பினால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். புதியவர்களைப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: எதை அளப்பது, எதை நிறுத்துவது

எத்தனை டேபிள் இருக்கிறது என்று மேலே ரிப்போர்ட் போடாதீர்கள், அது வளர்ந்துகொண்டே போகும், ஒன்றும் சொல்லாது. நாங்கள் மூன்றை மட்டும் பார்க்கிறோம். கட்டளை அடித்ததிலிருந்து முதல் பத்து வரி கண்ணில் படும் வரை எத்தனை நிமிடம். ஒரு முறை வந்த டெவலப்பர் அடுத்த மாதமும் வந்தாரா. வாட்ஸ்அப்பில் இந்த வாரம் எத்தனை 'அண்ணே'. மூன்றாவதற்கு நோட்டைத் தொடர்கிறேன். வருகிற ஒவ்வொரு 'அண்ணே'யும் தளத்தில் எங்கோ ஒரு பள்ளம்.

பழைய ஸ்கிரிப்ட்களை எப்போது நிறுத்துவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 'அடுத்த மாதம் முதல் பழையது கிடையாது' என்று மெயில் அனுப்பினால் விரோதம்தான் மிஞ்சும். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். வித்தியாசத்தைத் தினமும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். வித்தியாசம் வந்தால் தயங்காமல் உங்கள் பக்கத்தையும் சந்தேகப்படுங்கள், எங்களுக்குப் பாதி தடவை தப்பு எங்களுடையதாகத்தான் இருந்தது. ஒப்பிட்டு எண்கள் ஒன்றாகி, யாரும் தொடவில்லை என்று லாக் சொன்னால், முதலில் பெயரை மட்டும் மாற்றிவைத்துக் காத்திருங்கள். யாராவது கத்தினால் பெயரைத் திருப்பிப் போட ஒரு நிமிடம்.

எத்தனை நாள் காத்திருப்பது? தினம் ஓடுவதற்கு இரண்டு வாரம். மாதம் ஓடுவதற்கு அடுத்த 20-ஆம் தேதி வரை, ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற மாத வரிக் கணக்குத் தாக்கல் முடியும் நாள் அது. வருட முடிவில் மட்டும் யாரோ தொடும் ஸ்கிரிப்ட் ஒன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கும். எங்களுடையதன் பெயர் 'ஃபைனல் நியூ 2'. யார் எழுதியது என்று தெரியாது. இந்த ஏப்ரல் 20 தாண்டட்டும் என்று அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.